பூர்வீகம் தெரியாத மூன்று நூலகங்கள்

விண்ணப்பப் படிவத்தின் முதல் பதினாறு கேள்விகளுக்கும் அவள் தடுமாறாமல் பதில் எழுதிவிட்டாள். பதினேழாவது கேள்வி இப்படி இருந்தது: 'மென்பொருளுடன் இணைக்கப்பட்டுள்ள நூலகங்கள் எத்தனை? வகை என்ன?' உண்மையை எழுதினால் யாருக்கு என்ன கெடுதல் என்று நினைத்து, 'மூன்று. நேட்டிவ்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பிற்பாடு நடந்த எல்லாவற்றுக்கும் இந்த இரண்டு சொற்களே காரணம் என்று மென்பொருள் தூய்மை ஆணையத்தின் விசாரணை அறிக்கை சொல்கிறது.

அவள் வீட்டிலிருந்தபடியே மென்பொருள் எழுதுகிறவள். மருத்துவமனையில் அவளைக் கம்ப்யூட்டரக்கா என்பார்கள். அவளுடைய அண்ணன் அந்த மருத்துவமனையின் ரத்த வங்கியில் பத்தொன்பது வருஷமாக வேலை பார்க்கிறவர். பையின் மேல் கையால் எழுதி, பதிவேட்டில் கையால் எழுதி அனுப்புவதுதான் வழக்கம். போன வருஷம் ஒருநாள் 'ஏ' வகை ரத்தம் 'ஓ' வகை நோயாளியின் கட்டில்வரைக்கும் போய்விட்டது. ஊசி ஏறுவதற்கு முன் ஒரு நர்ஸ் பார்த்துப் பறித்தாள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, அண்ணனைத் தவிர. அன்றிலிருந்து அவர் ஒவ்வொரு பையையும் ஐந்து தடவை படிப்பார்; படித்தோமா என்று சந்தேகம் வந்து மறுபடி படிப்பார். எழுதும்போது விரல் நடுங்கும்.

"எனக்கு ஒரு மெஷின் பண்ணிக் குடு. நான் தப்புப் பண்ணா 'நில்லுடா'ன்னு கத்தணும். அது போதும்," என்று தங்கையிடம் கேட்டார்.

எட்டு மாதம் உட்கார்ந்து எழுதினாள். பையில் இருக்கும் பார்கோடையும் நோயாளியின் மணிக்கட்டில் இருக்கும் பார்கோடையும் ஸ்கேனரில் காட்ட வேண்டும். பொருந்தினால் பச்சை. பொருந்தாவிட்டால் திரை முழுக்கச் சிவப்பாகி ஓலமிடும். டாக்டர் வந்து பார்க்கும்வரை எதுவும் நகராது.

மருத்துவமனையில் கணினிகள் மூன்று வகை. ரத்த வங்கியில் ஒரு வகை, அறுவை அரங்கில் வேறு வகை, அவசரப் பிரிவில் இரண்டோடும் சேராத மூன்றாவது வகை. அவள் எழுதியது மூன்றிலும் ஓடும். ஆனால் ஸ்கேனரோடு பேசுகிற சின்னஞ்சிறு துண்டு மட்டும் அந்தந்தக் கணினியின் சொந்த மொழியிலேயே இருந்தாக வேண்டும். ஸ்கேனர் செய்த கம்பெனி வகைக்கு ஒன்றாக மூன்று கோப்புகள் கொடுத்திருந்தது. இந்த மாதிரிக் கோப்புக்குத் தொழிலில் நேட்டிவ் லைப்ரரி என்று பெயர். மூன்றையும் மென்பொருளோடு ஒரே பொட்டலமாகக் கட்டிவிட்டாள். எந்தக் கணினியில் திறந்தாலும் பொட்டலம் அதற்குரிய துண்டை எடுத்துக்கொள்ளும். மற்ற இரண்டும் ஓர் ஓரமாகக் கிடக்கும். யாருக்கும் தொந்தரவு இல்லை.

தொந்தரவு வேறு இடத்திலிருந்து வந்தது. வரும் ஒன்றாம் தேதியிலிருந்து, பொது நிறுவனங்களின் கணினியில் தன் முத்திரை பெறாத எந்த மென்பொருளும் இருக்கக் கூடாது என்று மென்பொருள் தூய்மை ஆணையம் ஆணையிட்டிருந்தது. கண்காணிக்கக் 'காவலன்' என்ற மென்பொருளை எல்லாக் கணினிகளிலும் குடியேற்றியும் விட்டது. முத்திரை இல்லாத கோப்பைப் பார்த்தால் காவலன் அழித்துவிடும். அவள் விண்ணப்பம் கொடுத்த அன்று ஒன்றாம் தேதிக்கு இருபத்திரண்டு நாள் இருந்தது.

ஒன்பதாம் நாள் காலையில் வீட்டு மணி அடித்தது. வாசலில் ஒரு நடுத்தர வயதுக்காரர், கையில் அளவு நாடாவோடு நின்றார். பொது நூலக இயக்ககத்தின் ஆய்வாளராம். அவள் விண்ணப்பத்தைப் பதினேழாம் கேள்வியின் பேரில் அங்கே அனுப்பியிருந்தார்கள்.

"மூணு லைப்ரரின்னு போட்டிருக்கீங்க மேடம். எங்க இருக்கு?"

"இதுக்குள்ள இருக்கு சார்," என்று மடிக்கணினியைக் காட்டினாள்.

அவர் மடிக்கணினியை நீளவாக்கிலும் அகலவாக்கிலும் அளந்து எழுதிக்கொண்டார். "வாசகர் எத்தனை பேர்?"

"வாசகர் யாரும் இல்ல. கம்ப்யூட்டர்தான் படிக்கும்."

"நாற்காலி?"

"இல்ல."

"நேட்டிவ்னு வேற எழுதியிருக்கீங்க. இந்த லைப்ரரிக்கெல்லாம் நேட்டிவ் எது?"

"அந்தந்தக் கம்ப்யூட்டர்தான் சார் அதுக்கு நேட்டிவ்."

"எனக்கு நேட்டிவ் இங்கிருந்து ஆறு மணி நேரம். அந்த மாதிரி ஒரு ஊர் பேர் வேணும் மேடம்."

அவள் அவரை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, தாளில் படம் போட்டு அரைமணி நேரம் விளக்கினாள். அவர் பொறுமையாகக் கேட்டார். கடைசியில் பெருமூச்சு விட்டார். "நல்லா புரியுது. என் பொண்ணும் கம்ப்யூட்டர்தான் படிக்கிறா. ஆனா புரிஞ்சுதுன்னு எழுத இந்தப் படிவத்துல கட்டம் இல்லையே."

அவருடைய அறிக்கை ஐந்து நாள் கழித்து ஆணையத்துக்குப் போய்ச் சேர்ந்தது: 'மூன்று நூலகங்களும் ஒரே மேசையில் இயங்குகின்றன. நாற்காலியோ வாசகரோ இல்லை. பூர்வீகம் தெரியவில்லை. அமைதி நன்கு கடைப்பிடிக்கப்படுகிறது.'

ஒன்றாம் தேதிக்கு நான்கு நாள் இருக்கும்போது ஆணையம் அவளை நேரில் அழைத்தது. நீள மேசையின் அந்தப் பக்கம் தலைவர். அவர் பக்கத்தில் தலைமை ஆய்வாளர். முத்திரைக் கட்டையைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிவதால் அந்த ஆய்வாளருக்கு முத்திரை சார் என்றே பெயர். இந்தப் பக்கம் அவள் மட்டும்.

தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "பயப்படாதீங்கம்மா. இந்த ஆணையம் ஆரம்பிச்சு ஏழு வருஷம் ஆகுது. நாங்க முத்திரை குத்துன ஒரு மென்பொருள் மேலயும் இதுவரைக்கும் ஒரு புகார்கூட வந்ததில்ல. ஏன்னா, ஒண்ணுகூட இன்னும் பயன்பாட்டுக்கு வரல. அந்தப் பேரை நாங்க காப்பாத்தணும் பாருங்க."

முத்திரை சார் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். "மூணுல ஒண்ணுதான் வேலை செய்யுது. மத்த ரெண்டும் சும்மா இருக்கு. விதி நாற்பத்தொண்ணு: பொட்டலத்துல எந்தக் கோப்பும் சும்மா இருக்கக் கூடாது."

"ஒவ்வொரு கம்ப்யூட்டர்லயும் ஒவ்வொண்ணு வேலை செய்யும் சார். எதையும் எடுக்க முடியாது."

"எடுக்க வேணாம். எல்லாத்துக்கும் வேலை குடுங்க. மூணையும் ஒரே நேரத்துல ஓட விடுங்க."

"அப்படி ஓடாது சார். வேற கம்ப்யூட்டரோட மொழி இதுக்குத் தெரியாது."

"முயற்சியே பண்ணாம சொல்லாதீங்கம்மா," என்றார் தலைவர் கனிவாக.

மூன்றையும் வலுக்கட்டாயமாக ஏற்றும்படி அவளையே மாற்றவைத்து, ஆணையத்தின் கணினியில் ஓட்டினார்கள். விசிறி இரைந்தது. திரை கறுத்தது. கணினி தானாக அணைந்து, தானாக எழுந்து, மறுபடி அணைந்தது. மூன்றாம் முறை எழவே இல்லை.

"பாத்தீங்களா? மூணு இருந்தா எவ்வளவு ஆபத்து!" என்றார் தலைவர். "மூணையும் எடுத்துடுங்க."

"அது இல்லன்னா மென்பொருள் திறக்கவே திறக்காது சார்!"

தலைவர் முன்னால் சாய்ந்தார். "திறக்காத மென்பொருளால யாருக்காவது தீங்கு வருமா?"

"...வராது."

"அப்ப முத்திரை குத்தலாம்."

முத்திரை சார் சட்டைப் பையில் கைவிட்டார். சுவரோரம் நின்ற ஆணைய ஊழியர்கள் கைதட்டினார்கள். நூலகங்கள் மூன்றையும் தனியாகத் தபாலில் அனுப்பிவைத்தால் வரிசைப்படி பரிசீலிப்பதாகவும், வரிசை இப்போது பதினான்கு மாதத்தில் நிற்பதாகவும் சொல்லி அவளை வாழ்த்தி அனுப்பினார்கள்.

ஒன்றாம் தேதி ரத்த வங்கியின் கணினியில், முத்திரைக் காகிதத்தைக் காவலனிடம் காட்டிப் பதிவுசெய்து, மென்பொருளை ஏற்றினாள். 'நூலகம் கிடைக்கவில்லை' என்று ஒரு வரி காட்டிவிட்டு மூடிக்கொண்டது. ஸ்கேனர் கோப்பைக் கையால் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். இரண்டே நொடியில் காவலன் அதை அழித்தது. பெயரை மாற்றி வைத்தாள். மூன்று நொடி ஆயிற்று.

அண்ணன் பழைய பதிவேட்டை எடுத்து, பேனாவின் மூடியைக் கழற்றினார்.

மூன்றாம் தேதி முற்பகல் பத்தரை மணிக்கு, ஒரு கிடங்கின் கூரை இடிந்து விழுந்ததாகச் செய்தி வந்தது. பதினொரு பேரைக் கொண்டுவந்தார்கள். ஒரே நேரத்தில் ரத்த வங்கியின் இரண்டு தொலைபேசிகளும் அடித்தன. அவள் அப்போது அந்தக் கணினியின் முன்னால்தான் உட்கார்ந்திருந்தாள். மூன்று நாளாக அங்கேயேதான் பழியாய்க் கிடந்தாள்.

அண்ணன் எழுதத் தொடங்கினார். முதல் பையில் எழுத்து கோணிப்போயிற்று. அடித்துவிட்டு மறுபடி எழுதினார். "ஏம்மா, இது 'பி'யா எட்டா, நீ சொல்லு," என்றார். அவர் நெற்றியிலிருந்து வேர்வை பதிவேட்டின் மேல் சொட்டியது.

காவலன் எதையெல்லாம் அழிக்கிறான், எதைத்தான் விட்டுவைக்கிறான் என்று அவனுடைய கோப்புறையையே திறந்து பார்த்தாள். உள்ளே மூன்று கோப்புகள். பெயரைப் பார்த்தாள். அளவைப் பார்த்தாள். கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தாள். அவளுடைய அதே மூன்று நூலகங்கள்! காகிதத்தில் குத்திய முத்திரையைப் படிக்கக் காவலனுக்கும் ஸ்கேனர் தேவைப்பட்டது. அதே கம்பெனியின் அதே துண்டுகளை அவனும் தன் மடியில் கட்டிக்கொண்டு வந்திருந்தான். ஊரையெல்லாம் சோதிக்கிறவன் தன் மடியைச் சோதிக்கவில்லை.

நூலகத்தை எங்கே தேட வேண்டும் என்பது அவளுடைய மென்பொருளில் ஒரு சாதாரண எழுத்துக் குறிப்பில் இருந்தது. அந்த ஒரு வரியை அழித்துவிட்டு, காவலனின் கோப்புறைக்கு வழி எழுதினாள். மென்பொருளைத் திறந்தாள்.

திறந்தது.

"அண்ணா, பேனாவை வை! ஸ்கேனர எடு!" என்று கத்திவிட்டு அவசரப் பிரிவுக்கு ஓடினாள். நடைபாதை முழுக்கத் தள்ளுவண்டிகள். யாரோ ஒரு பெண் சுவரில் சாய்ந்து தன் வீட்டுக்காரர் பெயரைச் சொல்லிச் சொல்லி அழுதுகொண்டிருந்தாள். அவசரப் பிரிவின் கணினியிலும் அதே ஒரு வரியை மாற்றினாள். நர்ஸ் முதல் பையைக் காட்டினாள். பச்சை. இரண்டாவது பச்சை. மூன்று, நான்கு, பச்சை.

ஐந்தாவது பையைக் காட்டியதும் திரை சிவந்து ஓலமிட்டது.

நர்ஸின் கை அப்படியே நின்றது. "சரியாத்தானே இருக்கு? அதே பேரு!" என்றாள்.

பெயர் அதேதான். கிடங்கில் வேலை பார்த்தவர்களில் ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தார்கள். அவசரத்தில் கட்டில் மாறியிருந்தது. டாக்டர் ஓடிவந்து இரண்டு மணிக்கட்டுகளையும் பார்த்தார். பையை வாங்கித் தானே அடுத்த கட்டிலுக்குக் கொண்டுபோனார். நர்ஸ் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு எழுந்து ஆறாவது பையை எடுத்தாள்.

அன்று பதினொரு பேரும் பிழைத்தார்கள்.

இரண்டு நாள் கழித்து ஆணையம் அவளை விசாரணைக்கு அழைத்தது. தலைவர் முகத்தில் போன தடவை இருந்த கனிவு இல்லை.

"உங்க மென்பொருள் வேலை செஞ்சிருக்குன்னு புகார் வந்திருக்கு."

"ஆமா சார்."

"வேலை செய்யாதுன்னு நீங்க இதே அறையில உறுதி குடுத்தீங்க. அந்த நம்பிக்கையிலதான் நாங்க முத்திரை குத்தினோம். இப்ப நம்பிக்கைத் துரோகம் பண்ணிட்டீங்களே."

அவள் நடந்ததை மறைக்காமல் சொன்னாள். காவலனின் கோப்புறையில் மூன்று நூலகங்கள் இருக்கின்றன என்றபோது முத்திரை சாரின் பேனா கீழே விழுந்தது. அவர் அதை எடுக்கக் குனிந்தவர் வெகுநேரம் நிமிரவில்லை.

"நம்ம காவலன்லயா?" என்றார் தலைவர் மெல்ல. "காவலனுக்கு முத்திரை குத்தினது யாரு?"

"யாரும் குத்தல சார். காவலன்தான முத்திரையப் பாக்கிறது? அத யார் பாக்கிறது?" மேசைக்கு அடியிலிருந்து பதில் வந்தது.

தலைவர் கண்ணை மூடிக்கொண்டார். திறந்தபோது தீர்ப்புத் தயாராக இருந்தது. "எழுதிக்கோங்க. காவலனுக்குள்ள இருக்கிறது நூலகம் இல்ல. அது காவலனோட உறுப்பு. உறுப்புக்கு விதி நாற்பத்தொண்ணு பொருந்தாது. ஆனா இன்னொருத்தரோட உறுப்ப இரவல் வாங்கக் கூடாது. நாளைக்குச் சாயங்காலம் ஆறு மணிக்குக் காவலன் கோப்புறைய எல்லா இடத்துலயும் பூட்டிடுங்க."

அவள் எழுந்து நின்றாள். "பூட்டிட்டா மறுபடி கையால எழுதுறதுதான் சார். அடுத்த தடவை தப்பான பை உடம்புக்குள்ள போயிடும். அதே கோப்புதானே சார்? எனக்கும் உறுப்புன்னே எழுதிக்கக் கூடாதா?"

"தாராளமா. புதுசா விண்ணப்பம் குடுங்க."

அப்போதே கீழ்த்தளத்தில் விண்ணப்பம் வாங்கும் சன்னலுக்குப் போனாள். பதினேழாம் கேள்விக்கு, 'நூலகங்கள் இல்லை. உறுப்புகள் மூன்று' என்று எழுதினாள். சன்னலிலிருந்தவர் அதைப் படித்தார். மேலே மருத்துவமனை என்று போட்டிருந்ததையும் படித்தார். அவர் முகம் மாறியது. தலையிலிருந்து கால்வரை அவளை ஒருமுறை பார்த்துவிட்டு, விண்ணப்பத்தின் மேல் சிவப்புத் தாளை ஒட்டி, வேறொரு பெட்டியில் போட்டார்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு அவள் வீட்டு வாசலில் ஒரு வண்டி வந்து நின்றது; ஓட்டுநர் இறங்கி ஒரு கடிதம் கொடுத்தார். அனுப்பியது உறுப்பு மாற்று வாரியம். 'தங்களிடம் மூன்று உறுப்புகள் உள்ளதாக அறிகிறோம். நான்கு டிகிரி குளிரில், கிருமி நீக்கிய பையில், இன்று பகல் ஒரு மணிக்குள் கொண்டுவரவும். தாமதத்தால் உறுப்புகள் பயனற்றுப்போனால் பொறுப்பு தங்களைச் சாரும்.'

கடிதத்தோடு ரத்த வங்கிக்குப் போனாள். அண்ணன் படித்துவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டார். "போச்சு. நேர்ல போய் 'அய்யா, இது கோப்பு'ன்னு சொல்லிட்டு வா. வேற என்ன பண்ணுவ?"

அவளும் அதைத்தான் சொல்ல நினைத்திருந்தாள். ஆனால் கடிதத்தின் அடியில், பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது: 'வாரியத்தின் முடிவு ஆறு மணி நேரத்தில் அளிக்கப்படும். அதை எந்தத் துறையும் ஒரு மணி நேரத்துக்கு மேல் நிறுத்திவைக்கக் கூடாது.'

பதினான்கு மாதத்தையும் ஆறு மணி நேரத்தையும் மனதுக்குள் நிறுத்துப் பார்த்தாள்.

"அண்ணா," என்றாள், "ரத்தம் கொண்டுபோற ஐஸ் பெட்டி ஒண்ணு குடு."

மூன்று கோப்புகளும் இருந்த பென் டிரைவைக் கிருமி நீக்கிய பையில் போட்டு, பெட்டிக்குள் வைத்து, வெப்பமானியையும் சொருகி, வாரியத்தின் மேசையில் கொண்டுபோய் வைத்தபோது மணி பன்னிரண்டு ஐம்பது. மேசைக்கு அப்பால் வயதான அறுவை மருத்துவர் ஒருவர். பெட்டியைத் திறந்தார். பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"தானம் குடுத்தது யாரு?"

"ஸ்கேனர் கம்பெனி சார்."

"விருப்பத்தோட குடுத்தாங்களா?"

"உரிமக் கடிதம் இருக்கு." எடுத்து நீட்டினாள்.

"பெறுறவங்க மூணு பேரா?"

"ஆமா சார். ஒருத்தருக்கு ஒண்ணுதான் பொருந்தும். மாத்தி வெச்சா உடம்பு ஏத்துக்காது. மூணையும் ஒரே உடம்புல வெச்சாங்க, அது எழுந்திரிக்கவே இல்ல."

மருத்துவர் கண்ணாடியைக் கழற்றினார். "யாரு வெச்சாங்க?"

"ஆணையத்துல."

"மடப்பசங்க," என்றார் அவர். "மூணையும் எப்பவும் தயாரா வெச்சிருக்கணும். எது எங்க பொருந்துமோ அத மட்டும் அங்க வெக்கணும். இது என்ன பெரிய விஷயம்? நான் முப்பது வருஷமா இதத்தானே பண்றேன்." குனிந்து வெப்பமானியைப் படித்தார். "நாலு டிகிரி. நல்ல நிலைமை." கையெழுத்துப் போட்டார்.

வாரியத்தின் மற்ற இருவரும் கையெழுத்துப் போட்டு, ஆணை தட்டச்சாகி, ஆணையத்துக்குப் போய்ச் சேர மாலை நாலே முக்கால் ஆகிவிட்டது. ஐந்து நாற்பதுக்கு முத்திரை சார் மூச்சிரைக்க ரத்த வங்கிக்குள் நுழைந்தார். ஆணையம் யாருக்காகவும் ஓடியது அதுதான் முதல் தடவையாம், அவரே சொன்னார். குத்தினார். அவள் முத்திரைக் காகிதத்தை ஸ்கேனரில் காட்டிக் காவலனிடம் பதிவுசெய்து, மூன்று கோப்புகளையும் பொட்டலத்தில் திரும்பக் கட்டி, மூன்று கணினிகளிலும் ஏற்றிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

சரியாக ஆறு மணிக்குக் காவலனின் கோப்புறை பூட்டிக்கொண்டது. மூன்று பேரும் திரையைப் பார்த்தார்கள். அவள் மென்பொருளை மூடிவிட்டு மறுபடி திறந்தாள். இரண்டு நொடி. மூன்று நொடி. காவலன் வந்தான், முத்திரையைப் பார்த்தான், போய்விட்டான். அண்ணன் ஒரு பையை எடுத்து ஸ்கேனரில் காட்டினார்.

பையின் எண்ணும் வகையும் திரையில் தெளிவாக விழுந்தன. அண்ணன் நாற்காலியில் பின்னால் சாய்ந்தார். பிறகு முத்திரை சார் கொண்டுவந்திருந்த, பொருத்துவதற்கு முன்பே தட்டச்சாகிவிட்ட வாரியத்தின் ஆணையை எடுத்துச் சத்தமாகப் படித்தார்:

'மூன்று உறுப்புகளும் பெறுபவர்களுக்கு வெற்றிகரமாகப் பொருத்தப்பட்டன. பெறுபவர் மூவரும் நலம். ஆறு வாரத்துக்கு மூவரும் படி ஏறக் கூடாது. கனமான பொருள் எதையும் தூக்கக் கூடாது.'

"தூக்க மாட்டாங்க," என்று முத்திரை சார் உறுதி கூறி, அதையும் குறித்துக்கொண்டார்.